சினைச் சிங்கி

1

நான் இருக்கிற இங்கிலாந்துச் சிறு பட்டினத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கட பக்கத்து வாய்க்கால்களில் இதைவிடக் கூடத் தண்ணி வரும், அவற்றுக்கு ஒருவரும் பெயர் வைத்ததில்லை. இந்த ஆற்றுக்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு, நண்பர்கள் சங்கம் உண்டு, சங்கத்துக்குத் தலைவர் உண்டு, தலைவருக்கு இடுப்பளவு ரப்பர் சப்பாத்தும் உண்டு.

கரையில் ஒரு அறிவித்தல் பலகை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு உயிரி இந்த ஆற்றைக் கெடுக்கிறதாம். கண்டபடி பெருகுகிறதாம். கரையைத் துளைத்துக் குடியிருக்கிறதாம். உள்ளூர்ச் சாதியின் இரையைப் பறிக்கிறதாம், நோயும் பரப்புகிறதாம். கண்டால் அறிவிக்கவும் என்று முடிகிறது. முதல்தரம் வாசித்தபோது அரைவாசியில் நிறுத்தி, பின்னால் யாராவது நிற்கினமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

இதை எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கவிஞர் ஒருவருக்குச் சொன்னது பிழையாய்ப் போய்விட்டது. அடுத்த பொங்கல் விழாவில் மனுசன் தன்னை அந்த உயிரியாக நினைத்து ஒரு கவிதை வாசித்து, மேடையில் அழுதார். அவருக்கு இங்கே மூன்று வீடு. மூன்றையும் புதிதாக வந்த பெடியளுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார். கரையைத் துளைக்கிற விஷயத்தில் மட்டும் கவிதை பொருந்தியது.

உயிரியின் பெயர் கிரேபிஷ். இறாலின் உடம்பில் நண்டின் கொடுக்கைப் பூட்டினால் அதுதான். எங்கட கடற்கரைப் பக்கத்தில் சிங்கி இறால் என்று ஒன்று பிடிபடுமே, அதன் நன்னீர்த் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கோ. நான் சிங்கி என்றே எழுதுகிறேன். அது தானாக நீந்தி வரவில்லை. வளர்த்து விற்கலாம் என்று இந்த நாட்டவர்களே அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள், தப்பவிட்டார்கள், பிறகு பலகை நட்டார்கள்.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மகள் ஆரணி அந்த நண்பர்கள் சங்கத்தில் தொண்டு செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி பெற்று ஆற்றில் வைத்த பொறிக்கூடுகளைத் தூக்கி, அகப்பட்ட சிங்கிகளைக் கொண்டுவந்து, எங்கட குளிர்ப்பெட்டியில் ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில் வைத்துக் கொல்லுவாள். பிடித்ததைத் திரும்பத் தண்ணியில் விட்டால் இங்கே குற்றம். கோயிலுக்கு வா என்றால் வரமாட்டாள், கலியாண வீட்டுக்கு வா என்றால் தலையிடி. ஆகவே அவளோடு ஒரு நேரமாவது இருக்கலாம் என்று நான் வாளி தூக்கப் போகிறேன். சொந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு தகப்பன் சேற்றில் இறங்கவேண்டிய நாடு இது.

2

போன வருஷம் மாரி மழைக்குச் சற்று முந்தி, என் மாமியார் செத்து ஒரு வருஷம் நிறைகிற ஆட்டைத் திவசம் வந்தது. மனைவிக்கு லீவு இல்லை, மகளுக்குப் பரீட்சை. மருமகனாவது போய் நிற்கட்டும் என்று முல்லைத்தீவுப் பக்கத்து ஒட்டுசுட்டானுக்கு என்னை அனுப்பினார்கள். சொக்கிலேற், நுளம்பு கடிக்காமல் பூசுகிற கிறீம், வயிற்றோட்டக் குளிசை, போத்தல் தண்ணி சகிதம் போய் இறங்கினேன். வெளிநாட்டுக்காரரைப் பார்த்தால் எனக்கே பிடிக்காது. ஊரில் பிறந்தவன் ஊர்த் தண்ணியை மணந்து பார்த்துக் குடிக்கிற அந்தக் கோலம் இருக்கிறதே.

திவசம் முடிந்து இரண்டாம் நாள், மனைவியின் தம்பி நேசன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"அத்தான், ஏறுங்கோ. உங்களுக்கு ஒரு சாமான் காட்டோணும்."

வயல் தாண்டி, காட்டோரம், அவனுடைய காணியின் மூலையில் ஒரு குழி வெட்டித் தண்ணி கட்டியிருந்தான். சுற்றிவர முழங்கால் உயரத்துக்கு மண் வரம்பு. நேசன் ஒரு பிடி தவிட்டை எறிந்தான். தண்ணிக்குள்ளிருந்து நீலம் பாய்ந்த ஒரு உடம்பு மேலே வந்து, இரண்டு கொடுக்கையும் தூக்கியது. கொடுக்கின் வெளிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு தழும்பு. இங்கிலாந்துச் சிங்கியில்லை, அதன் வேறொரு சாதி. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் சாதி ஆராய்ச்சி செய்கிற நிலை இல்லை. பின்னுக்கு நகர்ந்தேன், வரம்பு தட்டி, புதுச் சாரத்தோடு சேற்றுக்குள் விழுந்து இருந்துவிட்டேன்.

"கடிக்காது அத்தான்," என்றான் நேசன்.

"இதை எங்கையடா எடுத்தனீ?"

"வவுனியாவிலை, மீன்தொட்டி விக்கிற கடையிலை. கண்ணாடித் தொட்டிக்கு அழகுக்கு விடுறதாம். நான் வீடியோவிலை பாத்தனான், வெளிநாட்டிலை இதைக் குளத்திலை வளத்து ஹோட்டலுக்குக் குடுக்கிறாங்கள்."

"எத்தினை இருக்கு?"

"விடேக்கை கொஞ்சம். இப்ப அதுகளுக்கே தெரியாது."

சேற்றில் இருந்தபடியே சுற்றிவரப் பார்த்தேன். காணி மேட்டில். கீழே சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஊர்க்குளம் பளபளவென்று கிடந்தது.

"மாரி வந்தால் என்ன நடக்கும்?"

"தண்ணி கூடும்."

"கூடினால்?"

"வழியும்."

"வழிஞ்சு?"

"குளத்துக்குப் போகும்." நேசன் அதைச் சொல்லிப்போட்டுக் கொஞ்சம் யோசித்தான். "ஆனால் அத்தான், இதுகள் இஞ்சை பழகீட்டுதுகள். போகாதுகள்."

விஞ்ஞானம் பேசுகிறார் என் மைத்துனர்.

குளத்துக்குக் கீழே ஒரு ஊரின் வயல் முழுவதும் இருக்கிறது. குளத்துக்குள் மீன்பிடிச் சங்கத்து ஆட்களின் சீவியம் இருக்கிறது. சிங்கி அதற்குள் இறங்கினால் மீன் முட்டையைத் தின்னும், வலையை வெட்டும், பொந்து தோண்டுகிற சாதியென்றால் குளக்கட்டிலும் கைவைக்கும். மண்ணாலான கட்டு, துளை விழுந்தால் நின்றுபிடிக்கிற சாமானில்லை. அன்று பின்னேரம் சோற்றில் கைவைக்கும்போதே என் மண்டைக்குள் கட்டு உடைந்துவிட்டது. கறி வருவதற்குள் ஒட்டுசுட்டான் மூழ்கி, மோர் வருவதற்குள் முல்லைத்தீவு மாவட்டம் கடலோடு சேர்ந்துவிட்டது. இடுப்பளவு ரப்பர் சப்பாத்தோடு அந்த இங்கிலாந்துத் தலைவர் வெள்ளத்தில் நடந்து வந்து, இந்த ஆள்தான் என்று என்னை மட்டும் கைகாட்டினார். நேசனை ஒருவரும் கேட்கவில்லை.

3

இங்கிலாந்தில் கன காலம் இருந்தவனுக்கு ஒரு வியாதி பிடிக்கும். ஆபத்து என்றால் அரசாங்கக் கந்தோருக்குப் போனால் சரி என்று நினைப்பான். போனேன்.

முதல் கந்தோரில் இருந்தவர் மிகவும் மரியாதையானவர். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். "இது வளர்ப்பு மீனோ, அலங்கார மீனோ?" என்று கேட்டார்.

"மீனே இல்லை," என்றேன்.

"அப்ப எங்கட விஷயமில்லை," என்று நிம்மதியாகச் சொன்னார்.

இரண்டாவது கந்தோரில் நன்னீர் உயிரிகளுக்குப் பொறுப்பானவர் பயிற்சிக்குப் போயிருந்தார். எதற்குப் பயிற்சி என்று கேட்டேன். வெளிநாட்டு உயிரிகளைக் கட்டுப்படுத்துகிற பயிற்சிதானாம். வர நாள் செல்லும் என்றார்கள்.

மூன்றாவது கந்தோர், குளக்கட்டுகளுக்குப் பொறுப்பு. நான் சொன்னதையெல்லாம் அந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இப்ப கட்டு உடைஞ்சிட்டுதோ?"

"இல்லை."

"உடைஞ்சால் வாங்கோ. அதுக்கு எங்களிட்டை வழியிருக்கு. உடையாததுக்கு ஒண்டும் செய்யேலாது." பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மகனுக்கு லண்டனில் படிக்க நல்ல இடம் எது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய முகத்தில், இவன் என்ன வெளிநாட்டுக்காரன் என்ற இளக்காரம் வந்தது. அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த நியாயமான மதிப்பீடு அது ஒன்றுதான்.

இங்கிலாந்தை உயர்த்திச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். இங்கே கூடு வைக்க அனுமதி எடுக்கப்போனால், ஒரு மெசின் குரல் உங்களை ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று பின்னேரம்வரை வைத்திருக்கும். கடைசியில் அனுமதி வரும், பலகையும் வரும். சிங்கியும் அப்படியே இருக்கும். ஊரில் பலகைச் செலவு மிச்சம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் மகளுக்குப் போன் எடுத்தேன். அங்கே மத்தியானம். குழியில் எடுத்த சிங்கியின் படத்தை அனுப்பினேன். அவள் பதறவில்லை.

"குழியை வத்த வையுங்கோ அப்பா. எல்லாத்தையும் பிடியுங்கோ. ஐஸிலை போடுங்கோ. ஒண்டும் விடாதேங்கோ. கை கழுவுங்கோ."

ஆரணியின் தமிழில் கட்டளைகள் மட்டும்தான் இருக்கின்றன. இது அவளுடைய பிழையில்லை. சின்ன வயதிலிருந்து நாங்கள் அவளுக்குப் பேசிய தமிழ் அவ்வளவுதானே: எழும்பு, சாப்பிடு, படி, படு. நான் வேலை முடிந்து வந்த களைப்பில் இந்த நாலு சொல்லையும் நாளுக்கு ஒருக்கால் சொல்லிப்போட்டு, பிள்ளைக்குத் தாய்மொழி ஊட்டிவிட்டேன் என்று சங்கத்தில் பேசியவன். இப்போது அதை எனக்கே திருப்பித் தருகிறாள். ஆனாலும் இரண்டு நாட்டிலும் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான அதிகாரி அவள்தான்.

4

நேசன் இலேசில் சம்மதிக்கவில்லை.

"என்ரை கையாலை தீன் போட்டு வளத்ததுகள் அத்தான். நீங்கள் வந்து நாலு நாள் இல்லை. ஒண்டில் விமானத்திலை பறந்து வந்து பயப்பிடுறியள், இல்லாட்டிப் பயப்பிடுத்திறியள்."

"கொக்காவுக்குச் சொல்லட்டோ?"

நேசன் தண்ணி இறைக்கிற மெசின் எடுக்கப் போனான். அறிவியல், சட்டம், சுற்றாடல் எல்லாம் தோற்ற இடத்தில் என் மனைவியின் வாய் வென்றது.

ஆளுதவிக்குக் குளத்து மீன்பிடிச் சங்கத் தலைவர் மாடசாமி அண்ணையைக் கூப்பிட்டோம். அவருடைய குடும்பம் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தது. வந்து கன காலமாகியும் அவருடைய வாயில் மலையும் வன்னியும் கலந்துதான் வரும். சங்கத்துப் பெடியள் இரண்டு பேரோடு கைவலை எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று விளக்கம் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எதன்மேலாவது ஏறாமல் பேசினால் செமிக்காது.

"இது எங்கட நாட்டுச் சாமானில்லை. வெளியிலை இருந்து வந்தது. குளத்திலை விழுந்தால் மற்றதுகளைச் சீவிக்க விடாது. ஒண்டும் உயிரோடை போகக்கூடாது."

"திலாப்பியாவும் வெளிய இருந்து வந்ததுதானே தம்பி," என்றார் மாடசாமி அண்ணை. "அதை வித்துத்தான் மூணு புள்ளைங்களைப் படிக்க வச்சேன்."

"அது வேறை."

"வயல்ல மொளைக்கிற பாத்தீனியம் செடி?"

"அதுவும் வேறை அண்ணை."

"நானு?" என்றார். பெடியள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் வாளியிலிருந்து இறங்கினேன்.

"சரி சரி, தம்பி சொல்றாரு. புடிப்போம்."

மெசின் வயல் பக்கமாகத் தண்ணியை இறைத்தது. குழாய் வாயில் நான் நுளம்பு வலையைக் கட்டியிருந்தேன், ஒரு குஞ்சும் தப்பாது. கரையில் ஒரு கிடாரத்தில் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. வாளி வாளியாக அள்ளி வந்து கொட்டினார்கள். நீலமாகப் போனது சிவப்பாக வந்தது. ஐஸ் எங்கே போய் எடுக்கிறது? மகளின் கட்டளையில் நான் செய்த ஒரேயொரு திருத்தம் அது.

பெடியன் ஒருவன் வாலை உரித்து, தேசிக்காய் பிழிந்து, வாயில் போட்டான். பிறகு எல்லோரும். பிறகு நானும். ருசி என்றால் அப்படியொரு ருசி. முல்லைத்தீவைக் காப்பாற்ற வந்தவன் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் சாறு வழிய, கிடாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். நேசன் மட்டும் தொடவில்லை. மெசினுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

குழியின் அடி தெரிந்தது. கடைசிச் சேற்றையும் கையால் துழாவினார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. குளப் பக்கத்திலிருந்து மாடசாமி அண்ணை நடந்து வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"எங்கை அண்ணை போட்டு வாறியள்?"

"தாய்ச்சி ஒண்ணு இருந்துச்சு தம்பி. வாலுக்குக் கீழ மிளகு கொட்டின மாதிரி முட்டை. கொதிக்கிற தண்ணியில போட மனசு வரல. கொண்டுபோயி குளத்துல விட்டுட்டேன்."

வாயிலிருந்த சிங்கியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஒண்டும் உயிரோடை போகக்கூடாது எண்டு சொன்னனான் அண்ணை."

"ஆமா, சொன்னீங்க. புடிச்சுத் தின்னுறதைச் சொன்னீங்க. இது சினையாச்சே." அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். "எங்க சங்கத்துல அது சட்டம். முட்டையோட வந்தாலும் சரி, வாயில குஞ்சை வச்சிருக்கிற திலாப்பியா வந்தாலும் சரி, தண்ணிக்குத் திருப்பிக் குடுத்திடணும்."

நான் ஓடினேன். கையில் சிங்கி அள்ளுகிற வடி இருந்தது. அதோடு குளத்துக்குள் இடுப்பளவு இறங்கி, இங்கே அள்ளி, அங்கே அள்ளி, பாசியும் சேறும் ஒரு ரப்பர் செருப்பும் எடுத்தேன். எதிர்க்கரை தெரியாத குளம். அதை வடியால் வடிக்கப் பார்த்த முதல் விசரன் நான்தான். கரையில் பெடியள் போன் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வீடியோ இப்போதும் பரந்தன் வரை ஓடுகிறது என்று கேள்வி.

5

"அந்த மனுசனுக்குச் சொல்லாதேங்கோ அத்தான்," என்றான் நேசன் வீட்டுக்கு வரும் வழியில். "நல்லது செய்தன் எண்டு நிம்மதியாப் போயிருக்கிறார். நீங்கள் பிளேன் ஏறீடுவியள்."

அதுதான் எனக்கும் வசதி. பிறரை நக்கலடித்தே காலம் தள்ளியவனுக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து உண்மை சொல்கிற வேலை ஒத்துவராது. நல்ல காரியம் செய்தியள் அண்ணை என்று ஒரு வசனம் தயாராகவும் வைத்திருந்தேன். ஆனால் சொல்லாவிட்டால் அந்தக் குளத்தில் ஒருவரும் அதைத் தேடமாட்டார்கள். தேடினாலும், முட்டையோடு அகப்படுகிற ஒவ்வொன்றையும் கும்பிட்டுத் திருப்பி விடுவார்கள்.

புறப்படுகிற அன்று காலை குளக்கட்டுக்குப் போனேன். மாடசாமி அண்ணை மருதமரத்துக்குக் கீழே கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். பகிடி ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"அந்த ஒண்ணுல எத்தனை முட்டை இருக்கும் தம்பி?"

"நூற்றுக்கணக்கிலை."

"எல்லாம் பொழைக்குமா?"

"கன பங்கு பிழைக்கும். எங்கட குளத்துச் சூடு அதுக்கு நல்லா ஒத்துவரும்."

ஊசி நின்றது. அவர் குளத்தைப் பார்த்தார்.

"அப்ப சினையா வர்றதைத்தான் முதல்ல கொல்லணும்ங்கிறீங்க."

"ஓம் அண்ணை."

"சினையைக் கரைக்குக் கொண்டுவந்தான்னு என் மருமகன் வலையையே அறுத்து எறிஞ்சவன் நான். ரெண்டு வருசம் மக வீட்டு வாசப்படி மிதிக்கல. இப்ப சங்கத்துல எழும்பி நின்னு, இந்தச் சினையைக் கொல்லு, அந்தச் சினையை விடுன்னு சொன்னா, அப்புறம் எந்தச் சினை தப்பும்?"

வாளி இருந்திருந்தாலும் ஏறியிருக்கமாட்டேன்.

"தப்பு என்னோடது. தேடுறேன்," என்றார். "ராத்திரி பகலா வலை போடுறேன். ஆனா கொல்லுறதுக்கு வேற ஆளைப் பாருங்க. வந்துச்சுன்னா மறைக்கமாட்டேன். நேசனைக் கூப்பிடுவேன்."

திரும்ப இங்கிலாந்து வந்து சேர்ந்தபிறகு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து நேசனுக்குப் போன் எடுத்தேன். மாடசாமி அண்ணை மீனுக்கு வலை வீசுவதை விட்டுவிட்டாராம். தாய்ச்சியை விட்ட மூலையிலேயே கூடும் வலையுமாக நிற்கிறாராம். பெடியள் கேட்டால் ஏதோ தவறவிட்டதைத் தேடுகிறேன் என்கிறாராம். என் மகளும் ஒரு நாள் கேட்டாள். "அந்த ஐயா பிடிச்சிட்டாரா?" கட்டளை இல்லாத ஒரு வசனம் அவளுடைய வாயில் தமிழில் வந்ததை அன்றுதான் கேட்டேன், சந்தோசப்படுகிற நிலையில் நான் இல்லை.

மழை தொடங்கி, குளம் நிரம்பி வான் பாய இன்னும் கொஞ்சம் இருக்கையில் நேசன் தானாக எடுத்தான்.

"வந்திட்டுது அத்தான்."

"அதேயோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன். பெருசு. அவர் வலையோடை குளக்கட்டிலை வைச்சு, தேக்கமிலையாலை மூடிப்போட்டு எனக்குப் போன் அடிச்சவர்."

"முட்டை?"

"அரைவாசி இருந்தது."

பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். மற்ற அரைவாசி குளத்துக்குள் பொரித்திருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

"நீதானே செய்தனீ?"

"வேறை ஆர்? கல்லாலை. அவர் காட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர். முடிஞ்சுது அண்ணை எண்டன், திரும்பேல்லை. கொஞ்சம் பொறுத்து, வலையையும் நீயே கழுவித் தா எண்டார்."